எபிரேயச் சுவடியைக் கணினி எப்படி வாசிக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பழைய எபிரேயச் சுவடிகளை இயந்திரக் கற்றல் மூலம் எழுத்து எழுத்தாகப் பெயர்த்தெடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

பாளையங்கோட்டை வாசகர்: எபிரேயம் படிக்கத் தெரிந்த அறிஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்த வேலைக்குக் கணினி எதற்கு?

அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏடுகளின் எண்ணிக்கை அவர்கள் கைக்கு அடங்காது. கெய்ரோ கெனிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளின் பெயர் எழுதிய தாளைத் தூக்கி எறியக் கூடாது என்பது யூத மரபு. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா ஜெபாலயத்தின் 'கெனிசா' என்ற சேமிப்பறையில் நூற்றாண்டுக் கணக்கில் இப்படிப் போடப்பட்ட ஏடுகள் குவிந்து கிடந்தன. அவற்றில் வேதப் பகுதிகள் உண்டு. கடன் பத்திரம், திருமண ஒப்பந்தம், கடைக் கணக்கு, கடிதம் எல்லாமும் உண்டு. 1896–97இல் அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொண்டுவந்தவை மட்டுமே 1,90,000 துண்டுகளுக்கு மேல். உலக நூலகங்கள் பலவற்றில் சிதறிக் கிடப்பதையெல்லாம் கூட்டினால் சுமார் 4 லட்சம் வரும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்று நல்ல படங்கள் இருக்கின்றன. ஆனால் படத்துக்குள் சொல்லைத் தேட முடியாது. 'மிளகு' என்று தட்டினால் மிளகு வரும் கடிதங்கள் வரிசையாக வர வேண்டுமானால், முதலில் அவை எழுத்தாக இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியை மனிதக் கையால் மட்டும் நிரப்ப இன்னும் பல தலைமுறைகள் ஆகும்.

கோவை வாசகி: என் கைபேசியே அச்சுப் பக்கத்தைப் படம்பிடித்து எழுத்தாக மாற்றித் தருகிறதே. அதே முறை இதற்கு ஏன் போதாது?

அச்சில் ஒரு எழுத்து எங்கே வந்தாலும் ஒரே உருவம். கையெழுத்தில் அப்படி இல்லை. எபிரேயத்தில் 22 எழுத்துகள். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைப் படித்தவர்களுக்கு ஆலெப், பேத், கிமெல் என்று பெயர்கள் பழகியிருக்கும். இவற்றில் ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வேறு உருவம் உண்டு. ஆக 27 உருவங்கள்தான். தமிழை நினைத்தால் மிகக் குறைவு. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, ஒற்றுமையில் இருக்கிறது. தாலெத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசம் வலது மேல் மூலையில் துருத்தும் ஒரு சின்ன முனை. பேத்துக்கும் காப்புக்கும் வலது கீழ் மூலை. ஹேக்கும் கேத்துக்கும் இடது காலின் மேலே விடும் மயிரிழை இடைவெளி. வாவும் யோதும் நீளத்தில்தான் வேறுபடும். சாக்கடல் கரையில் கும்ரானில் கிடைத்த பழைய சுருள்கள் பலவற்றில் அந்த நீள வேறுபாடும் கிடையாது. இந்த மயக்கம் எழுதியவர்களுக்கே தெரியும். உபாகமம் 6:4இல் 'ஒருவர்' என்ற சொல்லின் கடைசித் தாலெத்தையும், யாத்திராகமம் 34:14இல் 'வேறு' என்ற சொல்லின் கடைசி ரேஷையும் தோராவை (மோசேயின் ஐந்து நூல்களை) எழுதுவோர் பெரிதாக எழுதுவது மரபு. இரண்டையும் மாற்றிப் படித்தால் பொருளே கவிழ்ந்துவிடும்.

அடுத்தது வரி. நாம் கோட்டின் மேல் எழுத்தை உட்கார வைக்கிறோம். எபிரேய எழுத்தரோ தோலில் கூர்முனையால் கோடு கீறி, அதிலிருந்து எழுத்தைக் கீழே தொங்கவிடுகிறார். லாமெத்தின் கழுத்து மட்டும் கோட்டைத் தாண்டி மேலே போகும். கோப் என்ற எழுத்தும் சில இறுதி உருவங்களும் கீழே இறங்கும். வரி பிரிக்கும் மாடலிடம் (மாதிரிகளைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல்தான் மாடல்) இந்த எழுத்து தொங்குகிற வகை என்று சொல்ல வேண்டும். கிராக்கன் என்ற திறந்த மென்பொருளில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. அதை விட்டுவிட்டால் வரியைச் சுற்றி வெட்டும் எல்லை தவறான இடத்தில் விழுந்து, லாமெத்தின் கழுத்து அறுபடும், மேல்வரியின் கோப் எழுத்தின் வால் இந்த வரிக்குள் நுழையும். லாமெத் தொடர்ந்து வாவாகவோ காப்பாகவோ வருகிறது என்றால் எழுத்து மாடலைச் சந்தேகிக்கும் முன் வரி வெட்டைப் பாருங்கள்.

மூன்றாவது, வரியின் கடைசி. எபிரேய எழுத்தர்கள் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக விரும்புவதில்லை. இடம் மிஞ்சினால் ஆலெப், ஹே, லாமெத், தாவ், இறுதி மேம் போன்றவற்றை அகலமாக இழுத்து நிரப்புவார்கள். அல்லது அடுத்த சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்தை நிரப்பாகப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் முழுச் சொல்லையும் மறுபடி எழுதுவார்கள். கணினி இரண்டையும் படித்துப் பிரதியில் இல்லாத ஒரு சொல்லை உண்டாக்கிவிடும். நிரப்பெழுத்தைப் பெயர்ப்பதா, விடுவதா என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே முடிவுசெய்து எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். பாதிப் பக்கத்தில் ஒரு வழி, மீதியில் இன்னொரு வழி என்றால் மாடல் எதையும் கற்காது.

புதுச்சேரி ஆய்வு மாணவர்: ஒரே கையெழுத்தில் எழுதிய 200 பக்கச் சுவடி ஒன்றின் படங்கள் கிடைத்துள்ளன. எங்கிருந்து தொடங்குவது?

படத்திலிருந்து. அசல் அளவில் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாத வண்ணப் படம் வேண்டும். கறுப்பு-வெள்ளையாக மாற்றித் தராதீர்கள். மங்கிய மை அதில் காணாமல் போகும். நூலகங்கள் பலவும் டிரிபிள்-ஐ-எஃப் என்ற முறையில் முழு அளவுப் படங்களைத் தருகின்றன. இஸ்ரேல் தேசிய நூலகத்தின் 'க்தீவ்' தளம் உலகெங்கும் உள்ள எபிரேயச் சுவடிகளின் படங்களை ஒரே இடத்தில் தேட வழிசெய்கிறது. எந்தப் படத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற உரிம வரியை முதலில் படியுங்கள்.

பிறகு ஈஸ்கிரிப்டோரியத்தில் ஏற்றுங்கள். உலாவியில் இயங்கும் இந்தத் தளம் பாரிஸின் ஈபிஎச்இ என்ற உயர்கல்வி நிறுவனத்தில் உருவானது. உள்ளே ஓடுவது கிராக்கன். உங்கள் கணினியிலேயே கிராக்கனை நிறுவுவதானால் லினக்ஸ் அல்லது மேக் வேண்டும். விண்டோஸில் நேரடியாக ஓடாது. ஆஸ்திரியாவில் தொடங்கிய டிரான்ஸ்கிரிபஸும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதில் பயிற்றும் மாடலை எடுத்து வேறிடத்தில் ஓட்ட முடியாது. அதனால் சுவடி வேலைக்கு முன்னதையே பரிந்துரைக்கிறோம்.

முதலில் பத்துப் பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள். சுவடியின் முதல் பத்து வேண்டாம்; தொடக்கம், நடு, முடிவு, ஓரக்குறிப்பு நெருக்கிய பக்கம், ஈரம் பட்ட பக்கம் என்று கலந்து எடுங்கள். தானியங்கி வரி பிரிப்பை ஓட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் திருத்துங்கள். பத்தி இரண்டாக இருந்தால் வலதுபத்தி முதலில் வருகிறதா என்று பாருங்கள். மூல உரை, ஓரக்குறிப்பு, வரிக்கிடையே செருகிய சொல் ஆகியவற்றைத் தனித்தனி வகையாகக் குறியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் இங்கே மிச்சம்பிடித்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் பத்து மணி நேரம் கொடுக்க வேண்டிவரும்.

அடுத்து, ஏற்கெனவே பயிற்றிய இடைக்கால எபிரேய மாடல் ஒன்றை இந்தப் பத்துப் பக்கங்களில் ஓட்டுங்கள். இத்தாலிய, அஷ்கனாசி (ஜெர்மனி வட்டார), செபார்டி (ஸ்பெயின் வட்டார) எழுத்து வகைகளுக்குப் பயிற்றிய 'பிப்லியா' மாடலும் அதன் தரவும் திறந்தே கிடைக்கின்றன. யேமனியச் சுவடிக்கு அஷ்கனாசி மாடலைப் போட்டால் பாதி வரி குப்பையாகும். எழுத்து வகைதான் முதல் பொருத்தம். வந்த எழுத்தை வரி வரியாகத் திருத்தி, பத்துப் பக்கத்தையும் சரிபார்த்த பிரதியாக ஆக்குங்கள். எழுத்துக்கு எழுத்து கட்டம் போட வேண்டியதில்லை. வரியின் படமும் அந்த வரியின் எழுத்துத் தொடரும் இருந்தால் போதும், எது எங்கே என்று மாடலே கண்டுகொள்ளும். எட்டுப் பக்கத்தில் மாடலை மேற்பயிற்சி செய்து, தொடாத இரண்டு பக்கத்தில் சோதியுங்கள். பிறகு இன்னும் பத்துப் பக்கம், மறுபடி பயிற்சி. ஒரே கையெழுத்துக்கு 20, 30 பக்கங்களுக்கு மேல் பயிற்சியில் கூட்டுவதால் பெரிய லாபம் இருக்காது. வெறுமையிலிருந்து புதிய மாடல் பயிற்றுவதானால் பல ஆயிரம் வரிகள் வேண்டும். தேவையில்லாமல் அந்த வழியில் போகாதீர்கள்.

இரண்டு இடத்தில் எல்லோருமே தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, யூனிகோடு. புள்ளியிட்ட எழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், எழுத்து தனி, புள்ளி தனியாகவும் எழுதலாம். இரண்டும் கலந்திருந்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை மாடல் இரண்டாகக் கற்கும். பயிற்சிக்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். சுருக்கச் சொல்லின் மேற்குறிக்கு ஒருவர் எபிரேயக் கெரேஷையும் மற்றொருவர் விசைப்பலகையின் ஒற்றை மேற்கோளையும் போடுவதும் இதே தொல்லைதான். மற்றொன்று, அடிப்படை மாடலின் எழுத்துப் பட்டியலில் இல்லாத குறி. பட்டியலை விரிவாக்கும் தேர்வைச் சொல்லாமல் பயிற்சியைத் தொடங்கினால், எழுத்துப் பட்டியல் பொருந்தவில்லை என்று கிராக்கன் பயிற்சியை நிறுத்திவிடும்.

சேலம் வாசகர்: 95 சதவீதத் துல்லியம் என்கிறார்களே. அது போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிக்கு 40 எழுத்து, பக்கத்துக்கு 25 வரி என்றால் 1,000 எழுத்து. 5 சதவீதப் பிழை என்றால் பக்கத்துக்கு 50. எபிரேயச் சொல் சராசரியாக நாலைந்து எழுத்து; ஆகவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு சொல் தவறாக இருக்கும். தேடலுக்கு இது ஓரளவு போதும், ஒரு சொல் தப்பினாலும் அடுத்தது மாட்டும். பதிப்புக்குப் போதாது. 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால், தட்டச்சு செய்வதைவிடத் திருத்துவது வேகமான வேலை.

யாராவது சதவீதம் சொன்னால், எதில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பயிற்சியில் இருந்த அதே சுவடியின் வேறு பக்கத்தில் சோதித்தால் எண் அழகாக வரும். மாடல் பார்த்தே இராத கையெழுத்தில் என்ன வருகிறது என்பதுதான் உண்மையான எண். அதற்குச் சில சுவடிகளை முழுதாகவே பயிற்சியிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும்.

சென்னை வாசகி: இவ்வளவு பாடு எதற்கு? படத்தைப் பெரிய செயற்கை அறிவு அரட்டைச் செயலியிடம் கொடுத்து 'இதைப் பெயர்த்து எழுது' என்றால் போதாதா?

கொடுத்துப் பாருங்கள், பிழையே இல்லாத அழகான எபிரேயம் வரும். எங்கள் கவலையே அதுதான்.

அந்தப் பெரிய மாடல்கள் எபிரேய வேதாகமத்தையும், யூதச் சட்ட நூல்களான மிஷ்னாவையும் தல்மூதையும் ஏற்கெனவே படித்து வைத்திருக்கின்றன. ஒரு வரியில் நாலு சொல் புரிந்தால் ஐந்தாவது சொல் தானாக வாயில் வந்துவிடும், படத்தில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் சுவடி ஆய்வாளருக்கு வேண்டியது எல்லோரிடமும் இருக்கும் பாடம் அல்ல. இந்த எழுத்தர் அதிலிருந்து எங்கே விலகினார் என்பது. கும்ரானின் பெரிய ஏசாயா சுருளில் தாவீதின் பெயர் ஒரு யோத் கூடுதலாகச் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. இன்று அச்சில் உள்ள ஏசாயாவில் அந்த யோத் இல்லை. 'ஏனெனில்' என்ற சின்னச் சொல்லின் முடிவில் அச்சில் இல்லாத ஆலெப் அங்கே அடிக்கடி வருகிறது. அந்தச் சுருளின் காலத்தையும் எழுத்து மரபையும் பேச ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கூடுதல் எழுத்துகளைத்தான் எண்ணுகிறார்கள். பழகிய பாடத்தைச் சொல்லும் மாடல் அத்தனையையும் சத்தமில்லாமல் 'திருத்தி'விடும்.

சிறிய, எழுத்தை மட்டும் பார்க்கும் மாடல் தவறினால் பொருளில்லாத சொல் வரும்; திருத்துபவர் கண்ணில் உடனே உறுத்தும். பெரிய மாடல் தவறினால் நல்ல வாக்கியம் வரும். யார் கண்ணிலும் படாது. இரண்டில் ஆபத்து எது என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை.

சோதிக்க எளிய வழி உண்டு. வேதப் பகுதி உள்ள ஒரு பக்கத்தில் சில வரிகளின் பாதியைத் தோல் நிறத்தால் மறைத்துவிட்டுக் கொடுங்கள். மறைத்த சொற்களும் விடையில் வந்தால் அது படிக்கவில்லை, ஒப்பிக்கிறது. அதே செயலியிடம் அச்சில் வராத ஒரு கடிதத்தையோ திருமண ஒப்பந்தத்தையோ கொடுத்து, இரண்டின் பிழை எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கம் வையுங்கள்.

சிறிய மாடலுக்கும் இந்த நோய் கொஞ்சம் உண்டு. வேதப் பகுதிகளை மட்டுமே வைத்துப் பயிற்றினால் அதுவும் எழுத்துத் தொடர்களை மனப்பாடம் செய்யும். ஆகவே பயிற்சியில் கடிதம், கணக்கு, பட்டியல் எல்லாம் கலந்திருக்கட்டும். இன்னொரு குறுக்குவழியிலும் கவனம் வேண்டும்: தெரிந்த நூலாக இருந்தால், இணையத்தில் உள்ள பதிப்பை வரிக்கு வரி தானாகப் பொருத்திச் சரிபார்த்த பிரதியை வேகமாகத் தயாரிக்கலாம். நல்ல முறைதான். ஆனால் பொருத்தியதைப் படத்தோடு ஒப்பிடாமல் விட்டால், பதிப்பின் எழுத்துக்கூட்டலைச் சுவடியின் எழுத்துக்கூட்டல் என்று மாடலுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

பெரிய மாடல்களுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. பெயர்த்து முடித்த உரை எந்த நூலின் எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்கவும், சந்தேகச் சொற்களைப் பட்டியலிட்டு மனிதருக்குக் காட்டவும் அவை உதவும். பட்டியல் தரட்டும், எழுத்தை மாற்ற வேண்டாம்.

நாகர்கோவில் வாசகர்: சாக்கடல் சுருள்களில் எழுத்தே தெரியாத துண்டுகளையும் படிக்கிறார்களாமே?

அங்கே பாதி வேலையை விளக்கொளி செய்கிறது. கும்ரான் சுருள்களில் பெரும்பாலும் கரி மை. காலப்போக்கில் கறுத்துப்போன தோலில் கண்ணுக்கு எழுத்து தெரியாது. அகச்சிவப்பு ஒளியில் தோல் ஒளியைத் திருப்பியனுப்பும், கரி விழுங்கிவிடும். எழுத்து பளிச்சென்று கறுப்பாக நிற்கும். இடைக்காலச் சுவடிகளில் பரவலாக இருப்பது இரும்பு-மாசிக்காய் வகை மை. அகச்சிவப்பில் அது மறைந்தே போய்விடும். மங்கிய எழுத்தை மீட்கப் புறஊதா ஒளி வேண்டும். மையின் வகை தெரியாமல் ஒளியைத் தேர்ந்தெடுத்தால் எந்த மாடலும் காப்பாற்றாது.

எரிந்து கரிக்கட்டையாகிப் பிரிக்கவே முடியாத சுருள் என்றால் எக்ஸ்-ரே வழி. 1970இல் எங்கேதியில் கிடைத்த சுருளை நுண் சிடி ஸ்கேன் எடுத்து, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழு கணினிக்குள்ளேயே விரித்துப் பார்த்தது; உள்ளே லேவியராகமம் இருந்தது.

எழுத்தைப் படிப்பதோடு எழுதிய கையையும் கணினி பிரித்தறியும். 7 மீட்டருக்கு மேல் நீளமான ஏசாயா சுருளில் 54 பத்திகள். பார்வைக்கு ஒரே கை போலத்தான் இருக்கும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு, அதிலுள்ள ஆயிரக்கணக்கான எழுத்துகளின் வளைவுகளை அளந்து, 27ஆம் பத்தியோடு ஒருவர் முடிக்க இன்னொருவர் தொடர்ந்தார் என்று 2021இல் வெளியிட்டது. அந்தப் பத்தியின் அடியில் மூன்று வரி இடம் காலியாக விடப்பட்டிருப்பதை அறிஞர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். கணினி அதே இடத்தில் கோடு போட்டது.

தஞ்சாவூர் வாசகர்: உயிர்க்குறிகளையும் பெயர்க்க வேண்டுமா?

வேத இலக்கணமோ இராகக் குறிகளோ உங்கள் ஆய்வுப்பொருளாக இல்லாவிட்டால் வேண்டாம். எபிரேய உயிர்க்குறிகள் எழுத்தைச் சுற்றி இடும் புள்ளிகள்தான்; அவற்றைச் சேர்த்தால் குறிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடும், பயிற்சிப் பக்கங்களும் அதற்கேற்பக் கூட வேண்டும். ஆனால் சரிபார்த்த பிரதியில் புள்ளியை எங்கும் விட்டுவிடுங்கள். சில இடத்தில் வைத்துச் சில இடத்தில் விடாதீர்கள்.

மங்களூரில் வாழும் தமிழ் வாசகர்: கெனிசாவில் எங்கள் ஊர்ச் செய்தி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. 12ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி, வெண்கலப் பாத்திரப் பட்டறையும் நடத்தினார். ஏடனிலிருந்து மத்மூன் என்ற வணிகத் தலைவர் அவருக்கு எழுதிய கடிதங்கள் கெனிசாவில் கிடைத்தன.

கணினிக்கு இவை கடினமான வகை. எழுத்து எபிரேயம், மொழி அரபு. எபிரேய வேதாகமத்தில் பயிற்றிய மாடல் இந்தச் சொற்களைப் பார்த்ததே இல்லை. அரபு ஒலிகளுக்காகச் சில எழுத்துகளின் மேல் ஒரு புள்ளி வரும். அழுக்கு என்று படத்தைச் சுத்தம் செய்பவர்கள் அதைத் துடைத்துவிடுவார்கள். ஆலெப்பும் லாமெத்தும் ஒட்டி ஒரே உருவமாக வரும். அரபில் 'அல்' என்ற முன்னொட்டு ஓயாமல் வருவதால் இந்தக் கூட்டெழுத்தை மாடல் கற்காவிட்டால் வரிக்கு வரி பிழைதான். அதோடு, தாள் தீர்ந்ததும் கடிதத்தைத் திருப்பி ஓரத்தில் எழுதிக்கொண்டே போவார்கள். பென் யிஜு தமக்கு வந்த கடிதங்களின் வெற்றிடத்திலேயே தம் கணக்கையும் எழுதி வைத்தார். ஒரே தாளில் இரண்டு கை, மூன்று திசை. இத்தகைய தாளில் வரி பிரிப்பைத் தானியங்கிக்கு விடாதீர்கள். ஒவ்வொரு எழுத்துத் தொகுதியையும் கையால் எல்லை போட்டு, வாசிக்கும் வரிசையையும் கையால் கொடுங்கள்.

மதுரை வாசகி: சிதைந்த எழுத்தை என்ன செய்வது? ஊகித்து எழுதலாமா?

பதிப்பில் எழுதலாம், பயிற்சிப் பிரதியில் கூடாது. சாக்கடல் சுருள் பதிப்புகளில் ஓரளவு உறுதியான எழுத்தின் மேல் ஒரு புள்ளி, மிகவும் ஐயமானதன் மேல் ஒரு சிறு வட்டம், முற்றிலும் அழிந்ததை ஊகித்து எழுதினால் சதுர அடைப்பு என்று ஒரு முறை உண்டு. அந்தப் பதிப்பை அப்படியே பயிற்சிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடைப்புக்குள் இருக்கும் எழுத்துக்குப் படத்தில் மையே கிடையாது. ஓட்டையைப் பார்த்துச் சொல் எழுதும்படி மாடல் பழகிவிடும்.

ஆகவே அடைப்புக்குள் உள்ளதை நீக்குங்கள். மை இருந்தும் படிக்க முடியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு குறியை இடுங்கள், வேறெங்கும் அந்தக் குறி வரக் கூடாது. தோலே கிழிந்து போன இடத்தில் வரியை இரண்டு துண்டாக வெட்டி, தனித்தனி வரியாகக் கொடுங்கள். கும்ரானின் ஆபகூக் விளக்கச் சுருளில் கடவுளின் பெயர் மட்டும் பழைய எபிரேய எழுத்தில் வரும். அந்த நான்கு எழுத்துக்கும் தனிக் குறிகள் கொடுத்தால், பிறகு எந்த வரியில் எழுத்து மாறியது என்று தேடி எடுக்க முடியும். இந்த முடிவுகளையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, பயிற்சித் தரவோடு சேர்த்தே வெளியிடுங்கள். உங்கள் மாடலை எடுத்து ஓட்டப்போகும் அடுத்தவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பக்கம்தான்.